உள்ளங்கைத் தேர்வு

எந்த வரைபடத்திலும் இல்லாத நாடு அது. பெயர் நேர்வழி நாடு. அங்கே யாரும் தடம் மாறிப் பிழைத்துவிடக் கூடாதே என்று மன்னருக்குக் கவலை. ஆகவே மண்டலத்துக்கு ஒரு தொழில் வழிகாட்டு நிலையம் திறந்தார்.

தலைநகர் நிலையத்தில் மெத்தை நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, "உனக்கு என்ன பிடிக்கும் தம்பி?" என்று கேட்டார்கள். கல்லுடை மண்டலத்து நிலையம் குவாரி வாசலிலேயே இருந்தது. வழி சொல்கிறவரும் வேலைக்கு ஆள் எடுக்கிறவரும் அங்கே ஒருவர்தான். மேசையும் ஒன்றுதான்.

இது பாரபட்சம் என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். மன்னர் உடனே சமத்துவ ஆணை போட்டார். நாடு முழுக்க இனி ஒரே தேர்வு. பதினாறு வயதானால் உள்ளங்கையைக் காட்ட வேண்டும். காய்ப்பு இருந்தால் உடலுழைப்பு, இல்லாவிட்டால் மேற்படிப்பு.

குவாரித் தொழிலாளி மாடக்கண்ணுவின் மகள் பேச்சிக்கனிக்கு மருத்துவம் படிக்க வேண்டும். கல் தெறித்துக் கண் போனவர்கள் அவள் தெருவிலேயே பதினோரு பேர். வைத்தியம் பார்க்க ஒருவரும் இல்லை. அவளும் ஏழு வயதிலிருந்து ஜல்லி சுமந்தவள்.

"கல்லுக்குன்னே பொறந்த கை," என்றார் அவள் உள்ளங்கையைப் பார்த்த நிலைய அதிகாரி.

"சுமந்து சுமந்துதான் காய்ச்சுப்போச்சுய்யா."

"காரணம் எழுத படிவத்துல இடமில்லம்மா. அடுத்த வருசம் இன்னொரு தடவை காட்டலாம்."

அந்த ஒரு வருசமும் மகளின் கூடையையும் சேர்த்து மாடக்கண்ணுவே சுமந்தார்.

"கூடையத் தொட்டே, கைய ஒடிச்சுருவேன்."

"ஒடிச்சா காய்ப்பும் சேந்து போயிரும்ப்பா, நல்லதுதான்."

விளக்கெண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் காய்ப்பு உரிந்தது. அதற்குள் அவர் முதுகு வளைந்துவிட்டது.

மறு வருசம் அதிகாரி அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். "மெத்துன்னு இருக்கே."

"அப்ப மருத்துவந்தானய்யா?" என்றார் மாடக்கண்ணு.

"தலைநகர்ல மெத்துன்னு இருந்தா அது அறிவு. இந்த மண்டலத்துல இருந்தா சோம்பேறித்தனம். சுற்றறிக்கை வந்திருக்கு. குவாரியில சேத்து விடு, பழகிக்கும்."

அந்த ஆண்டு கல்லுடை மண்டலத்துக்கே முதல் பரிசு. சொன்ன வேலையிலேயே அத்தனை பேரும் சேர்ந்த மண்டலம் வேறில்லையாம். பாராட்டுக் கல்வெட்டைத் திறக்க மன்னரே வந்தார். கல்லைச் சுமந்து வந்த ஆறு பேரில் பேச்சிக்கனியும் ஒருத்தி. இறக்கி வைத்தபோது கொப்புளம் உடைந்து மன்னர் பெயரின் மேல் ரத்தம் பட்டது. அதிகாரி அதைத் துடைக்கச் சொன்னார். பிறகு அவள் உள்ளங்கையை விரித்து மன்னரிடம் காட்டினார்.

"வந்தப்ப ஒரு திறமையும் இல்லாத புள்ள, மகாராஜா. இப்பத்தான் வெளிய தெரியுது."

மன்னர் மனம் குளிர்ந்து கை தட்டினார். சத்தமே வரவில்லை. அவ்வளவு மெத்தென்ற கை.