காணாமல் போன இரண்டு மலைகள்

செய்யூருக்குத் தெற்கே, 2003ஆம் ஆண்டு கத்திரி வெயிலில், அறிவியல் ஆசிரியை ரெபேக்காள் புது வீட்டுக்குக் கிணறு வெட்டத் தொடங்கினார். கிணறு இல்லாமல் சுவர் எழும்பாது. பதினெட்டாவது அடியில் தண்ணீர் வரவில்லை. விரல் நீளத்தில், ஒரு முனை கூரான கற்கள் வந்தன.

கிணறு வெட்டிய கருப்பன் கடப்பாரையைப் போட்டுவிட்டு மேலே ஏறினார். "டீச்சரம்மா, உள்ள தோட்டா கீது. நமக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

ரெபேக்காள் ஒன்றை உடைத்துக் காட்டினார். உள்ளே சைக்கிள் சக்கரக் கம்பிகள் போலக் கோடுகள்; தடித்த முனையில் கூம்பு வடிவக் குழி. எலுமிச்சம்பழம் பிழிந்ததும் நுரைத்தது. தோட்டா நுரைக்காது, இது ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போன கடல் பிராணியின் உள்ளெலும்பு, பெயர் பெலம்னைட், நம் மீன்கடைக் கடம்பாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்றார். எதற்கும் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்றார் கருப்பன்.

டீச்சர் கொச்சை கூடாதென்று கடம்பாவை விட்டுவிட்டு அதன் நல்ல தமிழ்ப் பெயரில் எழுதினார்: 'எனது நிலத்தில் பழங்காலக் கணவாய் கண்டறியப்பட்டுள்ளது.'

மனுவைப் பரிசீலித்த அலுவலர் வாசுதேவன் மலை மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"மேடம், கணவாய்னா ரெண்டு பக்கமும் மலை இருக்கணுமே?"

"இது கடல் கணவாய் சார். அழிஞ்சு பல கோடி வருஷமாச்சு."

"அதாவது, தற்போது பயன்பாட்டில் இல்லை." குறித்துக்கொண்டார்.

"இப்பவும் மார்க்கெட்ல விக்குதே சார். வறுத்துச் சாப்பிடுவாங்க."

"சாப்பாட்டைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க. நான் சைவம்."

கணவாய் பொதுவழி, பொதுவழியில் கிணறு வெட்டுவது ஆக்கிரமிப்பு என வேலை நிறுத்தப்பட்டது. சர்வேயர் வந்து நான்கு திசையும் பார்த்து, மலைகள் இல்லை என்று உறுதி செய்தார். மேற்படி இரு மலைகளையும் பதினைந்து நாட்களுக்குள் இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கத் தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று ரெபேக்காளுக்கு நோட்டீஸ் வந்தது.

மூன்று மாதம் அலைந்தபின் வாசுதேவனே மனமிரங்கினார். "வச்சுட்டேன்னு எழுதிக் குடுங்களேன் மேடம். யார் வந்து பார்க்கப் போறாங்க?"

ரெபேக்காள் எழுதிக் கொடுத்தார். மலைகள் பதிவேட்டில் ஏறின. கிணற்றுக்கு அனுமதி கிடைத்தது. நல்ல தண்ணீரும் வந்தது. பதிவேட்டின் நகலை வைத்து, பக்கத்து நிலத்தில் 'மலைக்காட்சி மனைகள்' போட்டார்கள். கல்பாக்கத்து விஞ்ஞானிகளும் படூர் கம்ப்யூட்டர்காரர்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

ரெபேக்காளின் வீட்டுச் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியபோது அடுத்த நோட்டீஸ் வந்தது. மனைதாரர்கள் நாற்பத்திரண்டு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தச் சுவர் மலையை மறைக்கிறதாம்.