ஒய்பிக்கு அளவெடுத்த வசனம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பல வகை அங்கிள்கள் உண்டு. வீட்டுக்கு முன்னால் பொதுச் சாலையில் நாற்காலியைப் போட்டு, அது தன் கார் நிற்கும் இடம் என்று சொல்லும் அங்கிள். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் சாப்பாடு முன்பு போல் இல்லை என்று குறைபட்டுக்கொண்டே மூன்றாவது முறையும் சோறு கேட்கும் அங்கிள். இவர்களால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்தது வேறொரு இனம். வசனத் தையற்காரர்.

இவரிடம் ஓர் அரசியல்வாதியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். தோள் அகலம், வயிற்றுச் சுற்றளவு எல்லாவற்றையும் கண்ணாலேயே அளந்து, வேதத்திலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்து, அங்கேயே தைத்து மாட்டிவிடுவார். தொளதொளவென்று இருக்காது. இறுக்கியும் பிடிக்காது. முக்கியமாக, எங்கேயும் குத்தாது.

உங்கள் சபையிலும் ஒருவர் இருப்பார். எங்கள் கிள்ளான் சபையில் மாரிஸ் அங்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில் முன் வரிசை பெஞ்சில் இருப்பார். மற்ற நாள்களில் ஒய்பியின் சேவை மையத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பார். சட்டமன்ற உறுப்பினரை நாமெல்லாம் ஒய்பி என்போம். அவர் மட்டும் ‘நம்ம ஒய்பி’ என்பார்.

ஒய்பி தேர்தலில் வென்றால், ராஜாக்களை ஏற்படுத்துகிறவர் ஆண்டவர். தோற்றால், யோசேப்பும் குழியில்தானே கிடந்தார்? கட்சி தாவினால், ஆபிரகாம் தன் தேசத்தையும் சொந்தக்காரர்களையும் விட்டுப் புறப்படவில்லையா? மாதக்கணக்கில் தொகுதிப் பக்கமே தலைகாட்டாவிட்டால், மோசே மலைமேல் இருக்கிறார். திரும்பி வந்து பிரியாணிப் பொட்டலம் கொடுத்தால், ஐந்து அப்பமும் இரண்டு மீனும். இதில் வேடிக்கை என்னவென்றால், இவருக்கு முன்னால் இருந்த வேறு கட்சி ஒய்பிக்கும் இதே வசனங்கள்தான். அவர் தோற்ற அன்று சாயங்காலமே தையலைப் பிரித்து, புதியவர் உயரத்துக்கு மடித்துத் தைத்துவிட்டார். துணி ஒன்றும் வீணாகவில்லை.

இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, சூசன் ஆன்டியின் சமையலறைக்குள் தண்ணீர் வரும்வரை.

சூசன் ஆன்டி கேக் செய்து விற்றுப் பிழைப்பவர். சபைக்குப் பின்னால் உள்ள சந்தில் வீடு. சந்தின் ஓரத்தில் ஓடும் சாக்கடை, எங்கள் பேச்சில் லோங்காங், மண் மூடிக் கிடந்தது. பெரிய மழை பெய்தால் தண்ணீர் நேராக வீட்டுக்குள் வரும். ஒரு முறை வந்து ஓவனைக் கொண்டுபோனது. கடன் வாங்கி இன்னொரு ஓவன் வாங்கி, செங்கல்லை அடுக்கி அதன்மேல் வைத்திருந்தார். இதுவும் போனால் பிழைப்பு போய்விடும். சாக்கடையை வெட்டித் தருவதாகத் தேர்தலின்போது ஒய்பி சொல்லியிருந்தார். தேர்தல் முடிந்தது. அதை அவரிடமே நேரில் கேட்டுவிடலாம் என்று ஆன்டி முடிவு செய்த செய்தி எப்படியோ காதில் விழ, மாரிஸ் அங்கிள் அவர் வீட்டு கேட்டில் வந்து நின்றார்.

“என்ன சூசன், ஒய்பிகிட்ட கேள்வி கேக்கப் போறியாமே?”

“லோங்காங்க எப்ப வெட்டுவீங்கன்னு கேக்கணும் அங்கிள். அவ்வளவுதான்.”

“மோசேக்கு விரோதமா முறுமுறுத்த மிரியாமுக்கு என்ன ஆச்சு, மறந்துட்டியா?”

பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லோகேஸ்வரி அக்கா எட்டிப் பார்த்தார். “என்ன ஆச்சு அங்கிள்?”

“குஷ்டம் வந்துச்சு!”

“இந்தத் தண்ணியில நின்னு எங்களுக்கு ஏற்கெனவே காலெல்லாம் சொறி. புதுசா ஒண்ணும் வேணாம் லா.”

அங்கிள் அசரவில்லை. “வெள்ளத்தப் பாத்து நோவா முறுமுறுத்தாரா? பேசாம பேழையக் கட்டினாரு.”

“உங்க நோவாவுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்களே அங்கிள். எங்களுக்குக் கட்டில் நனைஞ்சாத்தான தெரியுது!”

லோகேஸ்வரி அக்கா சிரித்தார். சூசன் ஆன்டி சிரிக்கவில்லை. அவருக்கு வேதம் விளையாட்டில்லை. அதன் பிறகு அவர் ஒய்பி பேச்சையே எடுக்கவில்லை. “கேட்டா பாவமாப்பா?” என்று, பள்ளியை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் திரியும் என்னிடம் போய்க் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். தவறு செய்த அரசனின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிய நாத்தானும் அதே வேதத்தில்தான் இருக்கிறார். அடுத்தவனின் திராட்சைத் தோட்டத்தைப் பறித்த ராஜாவை வழிமறித்த எலியாவும் அதில்தான் இருக்கிறார். அந்தப் பக்கம் மட்டும் அங்கிளின் கத்தரி போவதே இல்லை. ஏன்? அது ஒய்பிக்குப் பொருந்தாது என்பதால் அல்ல. பொருந்திவிடும் என்பதால்.

புத்தாண்டு வந்தது. அன்று காலை ஆராதனையில் நாங்கள் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று. அதில் இருக்கும் வசனம் அந்த ஆண்டு முழுவதும் எடுத்தவருக்கு. பிடிக்கவில்லை என்று யாரும் திருப்பி வைப்பதில்லை. இந்த ஆண்டு சிறப்பு விருந்தினராக ஒய்பி வந்திருந்தார். அவருக்கு ஏன் சிரமம் என்று மாரிஸ் அங்கிளே அவர் சார்பில் ஓர் அட்டையை எடுத்து, மைக்கையும் பிடித்துக்கொண்டார்.

“நம்ம ஒய்பிக்கு ஆண்டவர் குடுக்கிற வார்த்தை! ‘நீ தண்ணீரைக் கடக்கையில் நான் உன்னோடு இருப்பேன்...’”

குரல் அங்கேயே இறங்கியது. பின் வரிசையில் சந்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

“ரெண்டு அட்டை ஒட்டிக்கிட்டு வந்துருச்சு போல” என்று அங்கிள் அதைத் தட்டில் திரும்ப வைக்கப் போனார்.

“திருப்பி வைக்கக் கூடாது அங்கிள்!” கிட்டார் வாசிக்கும் காலேப் மேடையிலிருந்தே கத்தினான்.

அப்போது சூசன் ஆன்டி எழுந்தார்.

“ஒய்பி, இந்த வசனத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் உயிரோட இருக்கேன். ஆனா தண்ணியக் கடக்குறது நீங்க இல்ல, நாங்க. ஒரு ஓவன் போயிருச்சு. இன்னொண்ணும் போனா எனக்குப் பொழப்பு இல்ல. ஆண்டவர் எங்ககூட இருந்தாரு, எனக்குத் தெரியும். நீங்க எங்க இருந்தீங்க?”

ஒய்பி மாரிஸ் அங்கிளைப் பார்த்தார். அங்கிள் அட்டையைப் பார்த்தார். அட்டையில் வேறு வசனம் வரவில்லை.

“அடுத்த வாரமே ஆள் அனுப்புறேன், ஆன்டி” என்றார் ஒய்பி.

அனுப்பினார். மண் தோண்டும் இயந்திரமும் லோரியும் வந்தன. சாக்கடை ஓர் ஆள் இறங்கும் ஆழத்துக்கு வாய் திறந்தது. மாரிஸ் அங்கிள்தான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் தாமே வெட்டுவதுபோல் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா சூசன்? அதிகாரத்துக்குக் கீழ்ப்படிஞ்சு பொறுமையா இருந்தா எல்லாம் நடக்கும்.”

“பொறுமையா இருந்தப்ப ஓவன்தான் போச்சு அங்கிள். வாயத் திறந்தப்பதான் லோரி வந்துச்சு.”

அங்கிள் இதற்கும் ஒரு வசனம் தேடுகிறார் என்று கேள்வி.

இதைப் படிக்கும்போது உங்களுக்கும் ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். உங்கள் சபை மூப்பராக இருக்கலாம், சுபாங் ஜெயா மாமாவாக இருக்கலாம், நீங்கள் ஓட்டுப் போடாத கட்சிக்காரராக இருக்கலாம். ‘அவனுக்காகவே எழுதின மாதிரி இருக்கு’ என்று சொல்லிக்கொண்டு, வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பக் கைப்பேசியையும் எடுத்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். எழுதியிருப்பது எல்லாம் அடுத்தவர் அளவுக்குத்தான் என்று நம்புவதுதான் இந்தத் தையல் தொழிலின் முதல் பாடம். உங்களுக்கு அது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிட்டது.