கொள்ளுத்தாத்தா காளையைத் திருடவில்லை

சௌபாக்கியவதி பிரியதர்ஷினிக்கு, உன் தாத்தா கோவிந்தனுக்கு அண்ணனாகிய வெங்கடப்பன் ஆசீர்வாதத்தோடு சொல்லி எழுதுவது. இங்கே நான், மாடு இரண்டு, என் முழங்கால் வலி எல்லோரும் சுகம். பெங்களூரில் நீயும் அப்படியே இருக்க வேடியப்பன் துணை. போனில் சொன்னால் "சரி தாத்தா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம். எனக்குக் கைநாட்டுதான் வரும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது நம் பின்வீட்டில் குடியிருக்கும் ஜெபசீலி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், ஓசூர் கம்பெனியில் ஷிப்டு வேலை. லீவு நாளெல்லாம் உட்கார்ந்து உன் நாவலை எனக்கு முழுசாகப் படித்துக் காட்டியதும் அவளே. ஒரு வரி விட்டுப்போகவில்லை.

நம் ஊர் நடுகல்லில் நிற்கிற வேடியப்பனும் அவன் காலடி நாயும் கல்லைவிட்டு இறங்கித் துப்பறிவதாக எழுதியிருக்கிறாய். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவன் இறங்கக்கூடியவன்தான். நாய் பேசியதும் இருக்கட்டும். ஆனால் இறங்கி வந்த சாமி தப்பான வீட்டுக் கதவைத் தட்டுமா? ஐம்பத்தேழாம் வருஷம் எருது விடும் விழாவுக்கு முந்தின நாள் காணாமல் போன ஊர்க்காளையைத் திருடியது என் அப்பா மாரப்பன் என்று, பெயரைக்கூட மாற்றாமல் போட்டிருக்கிறாயே, அவர் உனக்குக் கொள்ளுத்தாத்தா இல்லையா? சொசைட்டியில் பால் ஊற்றப் போனால் நம் ஊர் நாராயணப்பன் எல்லோர் முன்னாலும், "கயித்த இறுக்கிப் புடிங்கப்பா, காளைக்காரர் மகன் வந்துட்டாரு" என்கிறான். எண்பத்தோரு வயதில் திருடன் மகன் என்று பேர் வாங்கிக்கொண்டு நான் சாகமாட்டேன். இரண்டாவது தடவை அச்சடிக்கப் போவதாகச் சொன்னாயே, அதற்குள் மாற்ற வேண்டும்.

சாட்சியைக் கேள். எனக்கு அப்போது பதிமூன்று வயது. அந்த வாரம் அப்பாவுக்கு உட்காரும் இடத்தில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. ஒன்பது நாள் குப்புறப் படுத்திருந்தார், களிகூட அப்படியே படுத்துத்தான் சாப்பிட்டார். மானக்கேடு என்று அம்மா ஊருக்குச் சொல்லவில்லை, காய்ச்சல் என்றாள். நடக்க முடியாத மனுஷன் பட்டப்பகலில் காளையை ஓட்டிக்கொண்டு சானமாவுக் காட்டுக்குப் போனாராம், யானை நடமாடுகிற இடத்தில் மூன்று நாள் கட்டி வைத்தாராம். நல்ல கதை! கொம்புக்குப் பச்சை வர்ணம் அடித்து ஈரம்கூடக் காயவில்லை, அப்போதுதான் காளை போனது. அதற்கப்புறம் ஒரு மாதம் பச்சைக் கறை வேட்டியோடு திரிந்தது யார்? நாராயணப்பனுடைய அப்பன் திம்மராயன். வலது தொடைப் பக்கம், உள்ளங்கை அகலம். நான் பார்த்தேன்.

இதை நாராயணப்பனிடமே சொன்னேன். "கல்லுக்கிட்டயே பூ கேட்டுரலாம் வாண்ணா" என்றான். சரியென்று ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். கல் இப்போது ஒரு கம்பெனி காம்பவுண்டுக்குள்ளே மாட்டிக்கொண்டது உனக்குத் தெரியும். கேட்டில் செக்யூரிட்டி நோட்டை நீட்டி, "யாரைப் பாக்கணும் பெரியவரே?" என்றான்.

"வேடியப்பனை."

"எந்த டிபார்ட்மென்ட்?"

"காவல் டிபார்ட்மென்ட். உனக்கு முன்னாடி இருந்தே வேலையில இருக்கான்" என்றேன். எழுதிக்கொண்டு ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டி விட்டான். வலப்பக்கம் செவ்வரளி, விழுந்தால் அப்பா நிரபராதி. இடப்பக்கம் வெள்ளரளி, விழுந்தால் திருடன். ஈரப்பூவைக் கல்லில் ஒட்டிவிட்டு ஒரு மணி நேரம் நின்றோம், எனக்கு முழங்கால் விட்டுப்போனது, அவனுக்கு மூத்திரம் முட்டியது, இரண்டு பேருமே நகரவில்லை. அப்போது ஷிப்டு சங்கு ஊதியது பார், கல்லே அதிர்ந்து செவ்வரளி பொத்தென்று விழுந்தது. "பாத்தியாடா!" என்றேன். "இது சாமி குடுத்ததில்லண்ணா, சங்கு குடுத்தது. செல்லாது" என்கிறான். மறுபடி பூவை ஒட்டினோம். நாங்கள் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு ஆடு இரண்டு பூவையும் தின்றுவிட்டது. "வெளிய போற நேரம் போடுங்க" என்று செக்யூரிட்டி எங்களை அனுப்பிவிட்டான்.

ஆகவே சாமியை நம்பிப் பிரயோசனமில்லை, நீதான் தீர்க்க வேண்டும். திருடன் பெயர் இருக்கிற இடத்திலெல்லாம் மாரப்பனை அடித்துவிட்டுத் திம்மராயன் என்று போடு. ஜெபசீலி எண்ணிப் பார்த்தாள், நாற்பத்தாறு இடம். கட்டி விஷயத்தைக் கௌரவமாக எழுது. மாற்றாவிட்டால் நானே பெங்களூருக்கு பஸ் ஏறி வந்து அச்சாபீஸ் வாசலில் உட்காருவேன்.

உன் வீட்டுக்காரருக்கு என் ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடு. பேர் விளங்கி, பிள்ளை குட்டியோடு நூறு வயசு இரு.

இப்படிக்கு,
வெங்கடப்பன் (இடது கை பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இன்று காலை நாராயணப்பன் வந்தான். சலவைச் சட்டை, கையில் உன் புத்தகம். "அண்ணா, ஒத்துக்கறேன். காளையக் கொண்டுபோனது எங்கப்பன்தான். பேத்திக்கு எழுதிப் போடு" என்றான். எனக்குக் கண்ணே கலங்கியது. என்னடா திடீர்னு என்று கேட்டேன். ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உன் கதையை நாடகமாகப் போடுகிறார்களாம். பத்துப் பேர் கிட்டே போக முடியாத காளையை ஒற்றை ஆளாகப் பிடித்த வீரனின் குடும்பத்தை மேடையேற்றி மாலை போடுவார்களாம். நாராயணப்பன் மாலைக்குக் கழுத்தளவு கொடுக்கவே கிளம்பிவிட்டான்.

கண்ணு, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உன் நாவலில் ஒரு எழுத்து மாறக்கூடாது. "அப்போ அந்தக் கட்டி, தாத்தா?" என்று ஜெபசீலி கேட்கிறாள். அது வேறே வருஷம். காளையைப் பிடித்தது மாரப்பன்தான். இன்னும் ஒன்று விட்டுவிட்டாய்: கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு காடு வரைக்கும் கூடப் போனது நான். அதையும் சேர்த்துப் போடு.