குண்டூசி மாமாவின் ஃப்ரீசர்

பால்பாயிண்ட் பேனாவைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் துள்ளுகிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஹைதராபாத் மௌலா அலியில், எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருக்கிறார்.

ரிட்டயரான லைப்ரரியன். பழைய காகிதங்களிலிருந்து துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்கி பாட்டிலில் சேர்ப்பதால் குண்டூசி மாமா. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட, சட்டைப்பையில் காகிதத்தைக் கறையாக்கும் பேனா இருக்கிறதா என்று பார்த்து, கை கழுவச் சொல்லித்தான் உள்ளே விடுவார்.

இவர் வீட்டுக்குத்தான் என் மகள் நித்யா காலேஜ் விட்டதும் தினம் போக ஆரம்பித்தாள். திரும்பி வரும்போது விரலெல்லாம் துரு, துப்பட்டாவில் மக்கிய வாசனை.

"அங்க என்னடி வேலை?"

"பழைய பேப்பர்மா. டென்ஷன் நக்கோ."

டென்ஷன் வேண்டாம் என்று பிள்ளைகள் சொன்னால்தான் எனக்கு டென்ஷனே ஆரம்பிக்கும். பழைய பேப்பருக்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்?

ஒரு சனிக்கிழமை அந்தக் கதவில் காதை வைத்தேன்.

"அம்மாவை இன்னும் ஃப்ரீசர்ல வைக்கலையா?" மாமாவின் குரல்.

"அம்மா ரொம்பப் பெருசு மாமா. கதவு மூட மாட்டேங்குது," என்றாள் நான் பெற்ற பெண்.

"ரெண்டாப் பிரிச்சுடு. பாலிதீன்ல காத்துப் புகாம சுத்து. ரெண்டு வாரத்துல எல்லாம் செத்துடும்."

நான் கொஞ்சம் பருமன்தான். அதற்காக? கதவை இடித்துக்கொண்டு, அலறியபடி உள்ளே போனேன்.

"கை கழுவிட்டுக் கத்தும்மா!" என்றார் மாமா.

ஃப்ரீசருக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொட்டலங்கள். மேஜைமேல் ஒரு தடித்த கட்டு. பென்சிலால் எழுதியிருந்தது: ‘அம்மா’.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலேறிய தமிழ்க் குடும்பத்தில், தென் அமெரிக்காவிலுள்ள கயானாவில் பிறந்த எழுத்தாளர் ஒருவர். அந்தத் தோட்டத்துப் பிழைப்பையே நாவல்களாக எழுதியவர். கடைசிக் காலத்தில் ஹைதராபாத்தில் தங்கி, மாமாவுக்கு நண்பராகி, பெட்டி பெட்டியாகக் காகிதங்களை அவரிடம் விட்டுவிட்டுக் காலமானார். அவர் நாட்டு நூலகம் அவற்றைக் கேட்டிருக்கிறது. அதற்குள் ராமபாணப் பூச்சி தின்றுவிடாமல், மாமாவும் நித்யாவும் கட்டுக் கட்டாக ஃப்ரீசரில் வைத்துப் பூச்சியைக் கொல்கிறார்கள். ‘அம்மா’ என்பது அந்த எழுத்தாளருக்கு அவர் அம்மா எழுதிய கடிதங்கள்.

மாமா எனக்குத் தண்ணீர் கொடுத்தார், கடிதங்களிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்தி. இன்றைக்கும் ஃப்ரீசர் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

போன மாதம் மாமா கண் ஆபரேஷனுக்காக மகன் வீட்டுக்குப் பத்து நாள் போனார். வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார்.

"என்கிட்டயா மாமா? உங்களைக் கொலைகாரர்னு நெனச்சவ நான்!"

"அதனாலதாம்மா. இந்தக் காலனியில யாரையும் நம்பாத ஆள் நீ ஒருத்திதான்."

ஃப்ரீசர் ஓடுகிறதா என்று தினம் ஒருமுறை பார்த்தால் போதும் என்றார். நான் தினம் இரண்டு முறை போனேன். இரண்டாவது தடவை, அவர் நாற்காலிக்கு எதிரே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.