கிராணியாரின் பின்மிதி பிரேக்

மூன்றாவது தடவையாகச் சிவானந்தம் சைக்கிளோடு சரிந்து விழுந்தார். முதல் இரண்டு தடவை விழுந்ததை ஆடுமாடுகள்தான் பார்த்தன. இந்தத் தடவை மாரியம்மன் கோயில் வாசலில், வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்த முப்பது பேர் முன்னிலையில், வலது கையை உயர்த்தி "வணக்கம்" என்று சொல்லிக்கொண்டே விழுந்தார். அந்த முப்பது பேர் வீட்டுக்கும் ஓட்டு உண்டு.

"பாத்து, கிராணியாரே!" என்று ஓடிவந்து தூக்கிவிட்டார் முருகையா. "இந்த வயசுல முட்டிதான் முக்கியம்லா!"

முருகையாவும் கோயில் தலைவர் பதவிக்குப் போட்டி போடுகிறவர். அதனால் முட்டி என்ற சொல்லைக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

மலேசியாவில் புக்கிட் பெலிம்பிங்குக்குப் பின்னால் இருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் சிவானந்தம் முப்பது வருஷம் கிராணி. ஆபீசில் பேர் பதிந்து, கணக்கு எழுதி ஓய்வு பெற்றுவிட்டார். கோயிலுக்குப் பதினெட்டு வருஷமாகச் செயலாளர். மனுசனுக்கு இருந்த ஒரே ஆசை பரிவட்டம். தேர் புறப்படும் முன் பூசாரி பட்டுத்துணியைத் தலையில் கட்டி மரியாதை செய்வது தலைவருக்குத்தான். செயலாளருக்குப் பொங்கல் கிடைக்கும். பதினெட்டு வருஷமாகப் பொங்கல் தின்று அவருக்கு அலுத்துவிட்டது.

இந்த வருஷம் பழைய தலைவர் மகன் வீட்டோடு போய்விட, நாற்காலி காலியானது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். எண்பத்து நான்கு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. 'கிராணிக்கு முட்டி போச்சு, தேருக்குப் பின்னால வேன்லதான் வருவாரு' என்று முருகையா ஆரம்பித்து வைத்த பேச்சு தோட்டம் முழுக்கச் சுற்றியது. அதை முறியடிக்கத்தான் சிவானந்தம் சைக்கிளில் ஓட்டுக் கேட்கக் கிளம்பினார். ஷா ஆலாமில் இருக்கும் மகள் தனேஸ்வரி எங்கோ பழசாக வாங்கி அனுப்பிய சைக்கிள் அது. கைப்பிடி மாட்டுக்கொம்பு மாதிரி அகலமாக விரிந்திருந்தது. கை பிரேக் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை.

வீட்டில் கலாவதி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நேராத்தானே போறீங்க, எப்படி விழறீங்க?"

"ஆளப் பாத்து கும்பிடுறப்ப விழறேன்."

"அப்ப கும்பிடாமப் போங்களேன்!"

இது நல்ல யோசனையாகத் தெரிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிவானந்தம் யாரையும் பார்க்காமல், கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, நேரே வானத்தைப் பார்த்து ஓட்டினார். ஒரு தடவைகூட விழவில்லை. திங்கட்கிழமை காலையில் தோட்டமே ஒரே குரலில் பேசியது. 'இன்னும் தலைவராவே ஆகல, அதுக்குள்ள என்னா மண்டக்கனம் பாத்தியா!'

செவ்வாய்க்கிழமை சைக்கிளை உருட்டிக்கொண்டு பாலகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார். பாலகிருஷ்ணன் எண்ணெய் ஆலையில் பிட்டர். எதையும் பிரித்துப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது.

"கிராணியாரே, கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க."

சிவானந்தம் ஓட்டினார். வாசலில் நின்ற பாலகிருஷ்ணனைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் கை மேலே போனது, கால் பின்பக்கமாகச் சுற்றியது, ஆள் கீழே போனார்.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கைதட்டினான் பாலகிருஷ்ணன். "ஆளுங்களக் கண்டா பெடல பின்னால சுத்துறீங்க."

உண்மைதான். முப்பது வருஷமாகப் பழைய சைக்கிளில் அவருக்கு அது வழக்கம். யாரையாவது கண்டால் மிதிப்பதை நிறுத்தி, பெடலைச் சும்மா பின்னால் சுற்றவிட்டு, சங்கிலி கடகடக்க, ஒரு கையைத் தூக்குவார். அது கிராணி உத்தியோகத்தின் மிடுக்கு.

"இந்தச் சைக்கிள்ல அதுதான் பிரேக்கு. பின்னால மிதிச்சா டக்குனு பூட்டிக்கும். ஒத்தக் கைல ஓட்டுறப்ப பூட்டுனா விழாம என்னா செய்வீங்க? கோளாறு சைக்கிள்ல இல்லலா, உங்க கால்ல."

"கால மாத்த முடியாது. சைக்கிள மாத்து."

பாலகிருஷ்ணனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பின்சக்கரத்தைக் கழற்றினான். சட்டத்தோடு முடுக்கியிருந்த சின்ன இரும்புக் கையை எடுத்தான். சக்கரத்தின் நடுவில் இருந்த உருளையைத் திறந்து, கிரீஸில் ஊறிக் கிடந்த சாமான்களைப் பழைய நாளிதழில் பரப்பினான்.

"இந்தா, இந்தக் கூம்பு. பின்னால மிதிச்சா இது உள்ள ஏறி இந்த ரெண்டு கட்டையையும் விரிக்கும். கட்ட உருளையோட உள்பக்கத்துல போய் அழுத்தும். சக்கரம் நின்னுடும்."

"கட்டைய எடுத்துட்டா?"

"பெடல் பின்னால சும்மா சுத்தும், ஆச தீர சுத்திக்கலாம். ஆனா சைக்கிள எப்படி நிறுத்துவீங்க?"

"கை பிரேக் போட்டுடு."

பாலகிருஷ்ணன் முன்பக்கம் குனிந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான். பிரேக் மாட்ட அங்கே துளையே இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டையையே மாற்ற வேண்டும். கோலசிலாங்கூர் சைக்கிள் கடை முதலாளியான தவுக்கேவுக்குப் போன் போட்டால், சாமான் வரப் பத்து நாள் ஆகும் என்றார். பொதுக்கூட்டத்துக்கு இருந்தது ஐந்தே நாள்.

"கட்டைய எடுத்துத் தர்றேன். ஆனா கவட்ட வர்ற வரைக்கும் ஓட்டாதீங்க, சரியா?"

"சேச்சே, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார் சிவானந்தம். அவர் சின்னப் பிள்ளை இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தால் பயந்திருக்கும்.

அதற்குள் முருகையா வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி கேட்டுச் சிவானந்தத்துக்கு வயிறு எரிந்தது. அது அவருடைய சொந்த உத்தி. ஒரு வீட்டில் உட்கார்ந்தால் கோயிலின் வரலாறு, கும்பாபிஷேகம், கூரையில் ஒழுகிய இடம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். கேட்கிறவர்கள் அப்படியே உருகிப்போய்க் கண்ணை மூடிக்கொள்வதை எத்தனையோ தடவை கண்ணால் பார்த்திருக்கிறார். இந்தத் தடவை பன்னிரண்டு பக்கம் குறிப்பும் தயார்.

சனிக்கிழமை சாயங்காலம், எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"என்னங்க, பிரேக் இல்லியே!" என்றாள் கலாவதி.

"சிலிப்பர தரையில தேச்சா நிக்கும்லா. எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன்."

தோட்டம் முழுக்கத் தோசைக்கல் மாதிரி தட்டை. மேடு என்று சொல்ல ஒரே ஓர் இடம் உண்டு. வீடுகளையெல்லாம் வெள்ளம் வராமல் இருக்க அந்த மேட்டில்தான் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். சிவானந்தம் உச்சியிலிருந்து ஆரம்பிக்கத் திட்டமிட்டார்.

முதல் வீடு தாயம்மாவுடையது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலிலேயே நின்றாள். சிவானந்தம் பெடலைப் பின்னால் சுற்றினார். ஆகா, வெண்ணெயாகச் சுற்றியது! சங்கிலி கடகடத்தது. கையைத் தூக்கினார், விழவில்லை.

"வணக்கம், தாயம்மா!"

"வாங்கய்யா, உக்காருங்க!"

உட்காரத்தான் நினைத்தார். சிலிப்பரைத் தரையில் தேய்த்தார். சிலிப்பர் நின்றுவிட்டது, சைக்கிள் நிற்கவில்லை.

இரண்டாவது வீடு வந்தது. "வணக்கம்! நாளைக்கு..." என்பதற்குள் மூன்றாவது வீடு. "வணக்கம்! மறக்காம..." நான்காவது, ஐந்தாவது. அதற்கப்புறம் "வணக்கம்" மட்டும்தான் சொல்ல முடிந்தது. பாதி மேட்டில் அதுவும் "வண" என்று சுருங்கியது. பன்னிரண்டு பக்கக் குறிப்பும் சட்டைப்பையிலிருந்து ஒவ்வொன்றாகப் பறந்தது. ஒரு வீட்டு வாசலில் முருகையா கால்மேல் கால் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர் கொட்டாவியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தார்.

எண்பத்து நான்கு வீட்டையும் சிவானந்தம் நான்கே நிமிஷத்தில் கடந்தார். அடிவாரத்தில் கால்வாய் இருந்தது. அது அவரை நிறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பொதுக்கூட்டத்துக்குப் போகவில்லை. முட்டி பலாப்பழமாக வீங்கியிருந்தது. முருகையா சொன்னது பலித்தே விட்டது. கலாவதி மட்டும் ஓட்டுப் போடக் கிளம்பினாள்.

"நீயாச்சும் எனக்குப் போடுவியா?" என்றார்.

"பாப்போம்," என்றாள் அவள்.

தனியாக உட்கார்ந்தபோது அழுகையே வந்துவிட்டது. பதினெட்டு வருஷம்! ஒரு வீட்டில், ஒரே ஒரு வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேச முடிந்திருந்தால்கூட இப்படி ஆகியிருக்காதே! பரிவட்டம் முருகையா தலையில் ஏறுவதை நினைத்து நினைத்து மருகினார். சைக்கிளையும் மகளையும் பாலகிருஷ்ணனையும் வரிசையாகத் திட்டினார்.

மத்தியானம் வெளியே ஒரே சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு தாயம்மா ஆள் உயர மாலையோடு நுழைந்தாள். பின்னால் கலாவதி, அவளுக்குப் பின்னால் பாதித் தோட்டம்.

"கேலி பண்ண வந்தீங்களா?" என்று சீறினார் சிவானந்தம்.

"என்னங்க நீங்க! ஜெயிச்சிட்டீங்க!" என்றாள் கலாவதி. "எழுபத்து மூணு ஓட்டு. முருகையாவுக்குப் பதினொண்ணு."

சிவானந்தத்துக்கு மாலை கழுத்தில் விழுந்தபிறகும் நம்ப முடியவில்லை.

"எப்படி, தாயம்மா? முருகையா எல்லா வீட்லயும் மணிக்கணக்கா உக்காந்து பேசுனான். நான் உங்க யாரு வீட்லயும் உக்காரக்கூட இல்லியே! ஒரு வார்த்த பேசலியே!"

தாயம்மா மாலையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"அதுக்குத்தானுங்கய்யா போட்டோம்."