மறியலுக்கு இந்தப் பக்கம்

எமில் வார்கோவின் கையில் டிக்கெட் இருந்தது. எதிரே பேஸ்பால் மைதானத்தின் வாசல் திறந்தே கிடந்தது. நடுவில் ஆறு அம்பயர்கள் கோஷ அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"என்னய்யா கூத்து இது? ஆட்டக்காரங்க வேலைநிறுத்தம்தான் முடிஞ்சு போச்சே!"

"அது அவங்களுது, இது எங்களுது," என்றார் டர்கின் என்ற நெட்டை அம்பயர். "எங்களை முதலாளிங்க ஜனவரியிலேயே வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க. இன்னைக்கு உள்ள நிக்கிறது பூரா வாடகை அம்பயருங்க. நீங்க போங்க பெரியவரே, யாரும் தடுக்கல."

யாரும் தடுக்காததுதான் சிக்கல். தடுத்தால் சண்டை போடலாம். எமில் முப்பத்தோரு வருடம் எஃகு ஆலையில் உழைத்தவர். மறியல் நடக்கும் வாசலை அவர் அப்பா தாண்டியதில்லை, சித்தப்பாக்கள் தாண்டியதில்லை. தாண்டுகிறவனுக்குப் பிட்ஸ்பர்க்கில் ஒரே பெயர், கருங்காலி.

ஆனால் உள்ளே ரெஜிஸ் காத்திருந்தார்.

ரெஜிஸ் டூலன் இரும்புச் சாமான் கடைக்காரர். இருபத்திரண்டு வருடமாக இருவருக்கும் பன்னிரண்டாம் வரிசையில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. போன ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தால் பேஸ்பால் நின்றது. அதோடு இவர்கள் பேச்சும் நின்றது. "கோடி கோடியா வாங்குறவனுக்கு என்னடா யூனியன்?" என்றார் ரெஜிஸ். "கல்லாப்பெட்டியில உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது புரியாது," என்றார் எமில். "உங்க யூனியன்தான் நம்ம ஊர் ஆலையை மூடுச்சு," என்று ரெஜிஸ் சொன்னபோது எமில் பதிலுக்குச் சொன்ன சொல்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் காதில் போடவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அதன்பிறகு ரெஜிஸ் எட்டு மணிப் பூசையை விட்டுப் பத்து மணிப் பூசைக்கு மாறிவிட்டார். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் எமிலின் இடப்பக்கம் எட்டு மாதம் காலியாக இருந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் தபாலில் ஓர் உறை வந்தது. கடிதம் இல்லை. உள்ளே இந்த டிக்கெட் மட்டும்.

வழக்கமாக எமில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவார். இன்று மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததில் தாமதம்.

அடுத்த வாசலுக்கு ஓடினார். அங்கேயும் அம்பயர்கள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"கொஞ்சம் வழி விட்டு நில்லுங்கய்யா! கண்ணு தெரியலயா?"

டர்கின் நின்றார். "இந்தக் குரல்... மூணாவது பேஸ் பக்கம், பன்னிரண்டாவது வரிசையா?"

எமில் தலையைக் குனிந்துகொண்டார்.

"பத்து வருஷமா என் மூக்குக்கண்ணாடியைப் பத்திக் கேக்குறவர் நீங்கதானா! அட, உங்க குரலைக் கேக்காம வீட்ல தூக்கமே வரலய்யா. இதைக் கொஞ்சம் பிடிங்க, மூக்கைச் சிந்திட்டு வரேன்."

அட்டை எமில் கைக்கு வந்தது. 'உள்ளே இருப்பவர்கள் அம்பயர்கள் அல்ல' என்று அதில் எழுதியிருந்தது. அதைத் தரையில் போட மனமில்லை. பிடித்துக்கொண்டு சும்மா நிற்கவும் தெரியவில்லை. நடந்தார். டிக்கெட்டோடு வந்த பழைய ஆலைத் தோழர்கள் நாலு பேர் அவரைப் பார்த்துத் திகைத்தார்கள்.

"எமிலே நிக்கிறான், நாம எப்படிடா உள்ள போறது?" என்று அவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். இனி அவர் உள்ளே போகவே முடியாது.

வாசலருகே ஹாட் டாக் விற்பவன் ஒருவன் போய் வந்துகொண்டிருந்தான். பெயர் லூதர். பழைய விற்பனையாட்கள் வேலைநிறுத்தத்தின்போது வேறு பிழைப்புக்குப் போய்விட்டதால் புதிதாகச் சேர்ந்தவன்.

"தம்பி, பன்னிரண்டாம் வரிசை, அஞ்சாம் நம்பர் இருக்கை. இந்த ஹாட் டாக்கைக் குடுத்து, எமில் அனுப்பினான்னு சொல்லு. வெங்காயம் நிறைய. கடுகு விழுது வேண்டாம், அவன் தொடமாட்டான்."

லூதர் திரும்பி வந்தான். "வாங்கிக்கிட்டாரு. ஏற்கெனவே கையில ஒண்ணு வச்சிருந்தாரு."

எமிலுக்குச் சுருக்கென்றது. "நான் வர்ற வரைக்கும் பொறுக்கலயா? சரி, பக்கத்து இருக்கை?"

"அதுல காலை நீட்டி வச்சிருக்காரு."

"என் இருக்கையிலயா!"

உள்ளே கூட்டம் வாடகை அம்பயரைப் பார்த்து ஊளையிட்டது. எமில் அட்டையை இறுக்கிப் பிடித்தார். போய்விடலாமா என்று நினைத்தார். அந்தக் கூட்டத்தில் ரெஜிஸ் துணையில்லாமல் கத்திக்கொண்டிருப்பார் என்றும் நினைத்தார். தாளுக்காகப் பையைத் துழாவினார். ஒன்றும் இல்லை. டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே எழுதினார்: 'ஆகஸ்டில் நான் சொன்னது தப்பு. என்னை மன்னித்துவிடு.'

"இதை உள்ள குடுத்துட்டா நீங்க எப்படிங்க போவீங்க?" என்றான் லூதர்.

"நான் போகலப்பா. இதாவது போகட்டும்."

கூடவே இன்னொரு ஹாட் டாக்கும் போனது.

லூதர் வருவதற்குள் எமில் ஜெபமாலையில் பாதி முடித்துவிட்டார்.

"படிச்சாரு. ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம், மன்னிச்சாச்சுன்னு சொல்லச் சொன்னாரு."

"நெஜமாவா?"

"ஆமாங்க. ஆனா அடுத்த தடவை கடுகு விழுது தாராளமா போடணுமாம்."

எமிலின் கண் நிறைந்தது. "ரெஜிஸ் கடுகு சாப்பிடுறானா! எட்டு மாசத்துல மனுஷன் எவ்வளவு மாறிட்டான்! நான்தான் பிடிவாதமா இருந்துட்டேன்." கைக்குட்டை இல்லாததால் டர்கினுடையதை வாங்கித் துடைத்துக்கொண்டார். அது ஈரமாக இருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது மைதானத்தின் பின்வாசலிலிருந்து ஒரு குட்டை அம்பயர் காபி தேடி வந்தார். எமிலையும் அவர் கையிலிருந்த அட்டையையும் பார்த்துச் சிரித்தார்.

"இங்கயும் ஒருத்தரா? எங்க வாசல்லயும் ரெஜிஸ்னு ஒரு கடைக்காரர் அட்டை பிடிச்சு நிக்கிறாருங்க. சிநேகிதர் யூனியன்காரராம், மறியல் தொடங்குறதுக்கு முன்னாடியே உள்ள போயிருப்பாராம், இதைத் தாண்டிப் போய் அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு மதியத்துலேர்ந்து பன்னிரண்டாம் வரிசைக்கு ஹாட் டாக்கா உள்ள அனுப்பிக்கிட்டிருக்காரு. இப்பத்தான் அவருக்கு உள்ளேர்ந்து மன்னிச்சாச்சுன்னு பதில் வந்துச்சு, கடுகுதான் பத்தலையாம்!"