விலைவாசியை நான் நாலு புள்ளி ஏற்றிய விவரம்

கடலூர் முதுநகர்,
1.8.2006

பெருமதிப்பிற்குரிய மச்சான் சூசைமாணிக்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கை சகாயசெல்வியின் கணவன் யாகப்பன் தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கு நான் ஒருவன் மட்டும் நலம். அங்கு தாங்களும், வீட்டில் தங்கச்சியும், பிள்ளைகளும், இருபத்திரண்டு நாளாக உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவியும் நலமா என்று அறிய ஆவல். போனில் கேட்கலாம் என்றால், என் குரல் கேட்டதுமே செல்வி வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

மச்சான், முதலில் சந்தோஷ சமாச்சாரம். வந்துவிட்டது! நூற்று இருபத்து மூன்று! இன்று காலை பேப்பரில் பார்த்தேன், நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன், பிறகு டீக்கடைக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று தடவையும் நூற்று இருபத்து மூன்றுதான். உடனே அவருக்கும், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். "இன்னா சார், பேரன் பொறந்துட்டானா?"ன்னு கேட்டாங்க. "வெலவாசி ஏறிடுச்சுப்பா!"ன்னு சொன்னேன். டீயைப் பாதியில வச்சுட்டு நகர்ந்துட்டாங்க.

உங்களுக்கும் ஒன்றும் புரிந்திருக்காது, விவரமாகச் சொல்கிறேன். நான் முப்பத்து மூன்று வருஷம் ஸ்டோர் கிளார்க்காக உழைத்த வார்ப்படக் கம்பெனியில் எங்களுக்குத் தனிப் பென்ஷன் உண்டு, அது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு விதி. நாட்டில் சாமான்கள் விலையை எல்லாம் சேர்த்து மாதாமாதம் ஒரு நம்பர் போடுகிறார்கள் இல்லையா, விலைவாசிப் புள்ளி என்று, அந்த நம்பர் அரை வருஷத்தில் நாலு ஏறினால் என் பென்ஷனில் நாற்பது ரூபாய் ஏறும், எட்டு ஏறினால் எண்பது, நாலுக்குக் கீழே போனால் ஒன்றுமே கிடையாது. நாற்பது ரூபாய்க்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைக்காதீர்கள். அறுபத்து நாலு வயசில் வேறு எவன் எனக்கு இன்கிரிமெண்ட் கொடுப்பான்? மகன் மாதாமாதம் பணம் அனுப்புகிறான், மகராசன், ஆனால் அது அவன் கொடுப்பது. இது நான் சம்பாதித்தது. அந்தப் பேப்பர் வருகிற அன்று நான் இன்னும் கம்பெனி ஆள்தான் என்று ஒரு தெம்பு வரும், அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன டிசம்பரில் அந்த நம்பர் ஐந்நூற்று ஐம்பது. பிறகு ஒரு நாள் பேப்பரைப் பிரிக்கிறேன், ஜனவரிக்கு நூற்றுப் பத்தொன்பது என்று போட்டிருக்கிறது! எனக்குக் கை கால் ஓடவில்லை. "செல்வி, எல்லாம் போச்சுடி, ஐந்நூத்தி அம்பது நூத்திப் பத்தொம்பதா எறங்கிடுச்சு"ன்னு கத்துனேன். அவள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "எது, சுகரா? மாதாவே, கொறஞ்சா நல்லதுதானே, ஏன் அழுவுறீங்க?" என்றாள். அப்புறம் எங்கள் பென்ஷனர் சங்கச் செயலாளர் சுப்புராயன் வந்துதான் விளக்கினார். பழைய அளவுகோலைத் தூக்கி எறிந்துவிட்டு, 2001-ஆம் வருஷத்து விலையை நூறு என்று வைத்துப் புதிதாக எண்ண ஆரம்பித்திருக்கிறார்களாம். பழைய கணக்கில் நாலரைப் புள்ளிக்கு மேல் ஏறினால்தான் புதுக் கணக்கில் ஒரே ஒரு புள்ளி. ஆகவே புது நம்பரை நாலு புள்ளி அறுபத்து மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. எங்கள் கம்பெனி மட்டும் பெருக்க மாட்டேன் என்கிறது. விதியில் நாலு புள்ளி என்று இருக்கிறது, நாலு புள்ளி ஏறட்டும், தருகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை ஏறிக்கொண்டிருந்த பென்ஷன் இனிமேல் எப்போது ஏறும்? ஜூனுக்குள் நூற்று இருபத்து மூன்றைத் தொட்டால் உண்டு, தொடாவிட்டால் பட்டை நாமம்.

மற்றவர்கள் மனு எழுதினார்கள். நான் அப்படிச் சும்மா உட்காருகிற ஆளா மச்சான்? அந்த நம்பர் எப்படி வருகிறது என்று கேட்டேன். "கவர்மெண்ட்டு ஆளு நோட்டோட மார்க்கெட்டுக்கு வருவான், கத்திரிக்கா இன்னா வெல, கறி இன்னா வெலன்னு எழுதிக்கினு போவான், அதெல்லாம் கூட்டித்தான் போடுறாங்க" என்று சுப்புராயன் சொன்னார். சரி, ஆளைப் பிடித்துவிடுவோம் என்று மே மாதத்திலிருந்து தினம் காலை திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்குப் போனேன். மூன்றாவது சனிக்கிழமை மாட்டினார்! வெள்ளைச் சட்டை, காதில் பேனா, கையில் நீள நோட்டு. கடை கடையாக நின்று விலை கேட்கிறார், எழுதுகிறார், ஒன்றும் வாங்காமல் அடுத்த கடைக்குப் போகிறார். வேறு யாராக இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்?

காய்கறி விற்கும் கொளஞ்சியம்மாள் கத்திரிக்காய் கிலோ எட்டு ரூபாய் என்று அவரிடம் சொல்ல வாயைத் திறந்தாள். நான் குறுக்கே பாய்ந்து, "எனக்கு ரெண்டு கிலோ போடும்மா, பன்னெண்டு ரூபாதானே, இந்தா" என்று காசை நீட்டினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏஞ் சாமி, ஒடம்புக்கு ஏதாச்சுமா?" என்றாள். ஆனாலும் காசை வாங்கிக்கொண்டாள். அந்த ஆள் பன்னிரண்டு என்று எழுதினார்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கறிக்கடையில் கிலோவுக்கு இருபது ரூபாய் தூக்கினேன், எண்ணெய்க் கடையில் எட்டு, வெங்காயத்தில் மூன்று. ஐந்து சனிக்கிழமை அவர் வந்தார், ஐந்து சனிக்கிழமையும் பின்னாலேயே போனேன். வீட்டில் கத்திரிக்காய் குவிந்துவிட்டது. காலையில் கத்திரிக்காய்க் கொத்சு, மத்தியானம் சாம்பார், ராத்திரி வதக்கல். செல்வி முதலில் பொறுமையாகத்தான் இருந்தாள். கோயிலில் நான் மெழுகுவத்தி ஏற்றுவதைப் பார்த்த பிறகுதான் ஆரம்பித்தாள். "ஊரே வெல எறங்கணும்னு வேண்டிக்கிது, இந்த மனுசன் ஏறணும்னு வேண்டிக்கிறாரே, மாதா இவரை மன்னிப்பாங்களா"ன்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி ஒரே புலம்பல்.

இனிமேல் நடந்ததைச் செல்வி தன் பாணியில் உங்களிடம் சொல்லியிருப்பாள், நான் என் பாணியில் சொல்கிறேன். இந்த வருஷம் பங்குக் கோயில் திருவிழாவுக்கு ஊர் முழுக்க மட்டன் பிரியாணி என்று மாதா சபைத் தலைவி என்ற முறையில் அவள் வீடு வீடாகச் சொல்லி வரி வசூல் பண்ணியிருந்தாள். ஜூலை ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் விழுந்தது புளியோதரை. ஒரு அப்பளம். அவ்வளவுதான். கரண்டியோடு நின்ற செல்வி முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஒவ்வொரு பொம்பளையும் "இன்னா தலைவிம்மா, ஆடு எங்க ஓடிப்போச்சு?" என்று கேட்கிறாள். சாமியார் சமையல் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு, ஏனப்பா இப்படி ஆயிற்று, இவர்களுக்குச் சொல்லு என்றார். மச்சான், பந்தலுக்குப் பின்னாலிருந்து வந்தவர் யார் தெரியுமா? காதில் பேனா!

பெயர் செம்பியனாம், காட்டுமன்னார்கோயிலாம், எஸ்டிமேட் போட வாராவாரம் வந்து விலை விசாரித்தாராம். "நான் இன்னா சாமி பண்ணுவேன், உங்க ஊரு வெலவாசி நெருப்பா இருக்குது. வசூலான பணத்துக்குப் புளியோதரைதான் கட்டுச்சு. கத்திரிக்காயவே ஒருத்தரு பன்னெண்டுக்குக் கெஞ்சி வாங்குறாரு"ன்னு சொல்லிக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்ததும், "தோ, இவுருதாங்க!" என்று கையை நீட்டினார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது, "அப்போ நீங்க கவர்மெண்ட்டு ஆள் இல்லையா?" என்பதுதான். செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் சிதம்பரம் வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சுப்புராயன் இன்னொன்றும் சொன்னார். விலை எழுதும் ஊர்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறதாம், அதில் கடலூரே கிடையாதாம். அதனால் என்ன மச்சான்? விலைவாசிக்கு பஸ் ஏறத் தெரியாதா? கடலூரில் ஏறினால் மறுநாள் மெட்ராஸில் ஏறும். இல்லாவிட்டால் நூற்று இருபத்து மூன்று எப்படி வந்தது? நாலு புள்ளி! எனக்கு நாற்பது ரூபாய், எங்கள் சங்கத்தில் இருநூற்றுப் பத்துப் பேருக்கும் நாற்பது நாற்பது ரூபாய். இதை உங்கள் தங்கையிடம் விளங்கும்படி சொல்லுங்கள். தப்பு என் பேரில் இல்லை என்று இன்றைய பேப்பரே சொல்லிவிட்டது. அவளாகப் போனாள், அவளாகவே வரட்டும். நான் கூப்பிட வரமாட்டேன், அது மட்டும் நடக்காது.

இன்னொரு சின்ன உதவி. அடுத்த நாலு புள்ளிக்கு இப்போதே ஆரம்பித்தால்தான் டிசம்பருக்குள் நடக்கும். மேலவீதியில் உங்கள் மளிகைக் கடைக்கு இருக்கும் பெயருக்கு, நீங்கள் துவரம்பருப்பில் மட்டும் கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏற்றினால் சிதம்பரமே ஏற்றிவிடும். லாபமும் உங்களுக்குத்தான், நான் பங்கு கேட்க மாட்டேன்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்குத் தலையில் கைவைத்து ஆசீர்வாதம். மாதா உங்கள் கடையையும் குடும்பத்தையும் காப்பாளாக.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உங்கள் மைத்துனன்,
யாகப்பன்

பி.கு.: மச்சான், பருப்பு விலையை ஏற்றாதீர்கள். ஏற்றியிருந்தால் உடனே இறக்கிவிடுங்கள். தபாலாபீஸ் வாசலில் சுப்புராயன் சைக்கிளில் வந்து ஒரு நோட்டீஸைக் காட்டினார். கம்பெனி விலைவாசிப் புள்ளிக் கணக்கையே ஒழித்துவிட்டதாம். இனிமேல் வருஷத்துக்கு முப்பது ரூபாய், ஏறினாலும் அதே, இறங்கினாலும் அதே. போன ஜனவரியிலிருந்தே அமல், ஆகவே நூற்று இருபத்து மூன்றும் செல்லாது. சங்கம் கோர்ட்டுக்குப் போகிறது, நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அங்கேயே படியில் உட்கார்ந்து உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். எழுதும்போதுதான் எதிர்க் கடையில் சாப்பாடு இருபத்திரண்டு ரூபாய் என்று போர்டு மாற்றுவதைப் பார்த்தேன். நேற்றுவரை அதைப் பார்த்தால் கைதட்டியிருப்பேன், இன்றைக்குச் சட்டைப் பையில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பென்ஷன் போகட்டும் மச்சான். சந்தோஷமோ துக்கமோ, எது நடந்தாலும் "செல்வி"ன்னு கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடின பழக்கம் எனக்கு. இன்றைக்குக் காலையும் ஓடிப்போய்க் கத்தினேன், நோட்டீஸைப் பார்த்ததும் இங்கே படியிலேயே கத்தினேன். கேட்க அவள் இல்லை. தப்பு என் பேரில்தான். தபாலில் போட்டால் இரண்டு நாளாகும் என்று கடிதத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன், இந்தக் கடைசி வரிகள் சிதம்பரத்தில் எழுதியவை. உங்கள் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பியது நான்தான், உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறேன். உள்ளே வரலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.